ஒரு பக்கம் பிரிண்ட்டுக்கு ஒரு குடும்பத்தின் ஆவணங்கள்

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமிருக்காது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் மாணவி பென் டிரைவை நீட்டுகிறாள். "எந்த ஃபைல்மா?" என்று கேட்டபடியே கடைக்காரர் திறக்கிறார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அப்பாவின் ஆதார், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், அக்கா கல்யாண போட்டோக்கள் என்று எல்லாம் திரையில் விரிகின்றன. பின்னால் நிற்பவர்களும் பார்க்கிறார்கள். அவளுக்கு வேண்டியதோ ஒரே ஒரு விண்ணப்பம்.

பென் டிரைவ் என்றாலே நம் ஊரில் வைரஸ் பேச்சுதான். அந்தப் பயம் நியாயமானது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீம்பொருள், இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினிகளுக்கும் யூஎஸ்பி வழியாகப் பரவக்கூடியதாக இருந்தது. செருகியதும் நிரல் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7 முதல் பென் டிரைவ்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு வைரஸ் நம் விரலையே நம்பத் தொடங்கியது. ஷார்ட்கட் வைரஸ் தொற்றிய டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் நிற்கும். அழுத்தினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை. அசல் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயேதான் ஒளிந்திருக்கும். பதறிப்போய் ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள்.

வைரஸை ஆன்டிவைரஸ் பார்த்துக்கொள்ளும். கடைக் கணினியில் தங்கிவிடும் நகலை யார் பார்த்துக்கொள்வது?

பிரிண்ட் கொடுக்கும் முன் ஃபைலை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போடுவது பல கடைகளில் வழக்கம். பேப்பர் சிக்கினால் மறுபடி பென் டிரைவைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான் காரணம். கடைக்காரர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த நகல் மாலையில் அழிக்கப்படுகிறதா என்று நாம் கேட்பதில்லை. அழித்தாலும் அது ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகிறது; அங்கிருந்து யாரும் மீட்கலாம்.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், பிறந்த ஆண்டு: அதுதான் பாஸ்வேர்டு. அதே டிரைவில் இருக்கும் மதிப்பெண் பட்டியலில் பெயரும் பிறந்த தேதியும் அச்சாகியிருக்கின்றன. பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டு அடுத்தவர் கையில் கொடுப்பது போலத்தான் இது. டிரைவ் முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டினாலும் கடையில் நாமே பாஸ்வேர்டு சொல்லித் திறந்துதானே ஆக வேண்டும்?

இதெல்லாம் பழைய காலத்துக் கவலை, இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்போது ஃபைலோடு உங்கள் எண்ணும் கடையில் தங்கும்.

பெண் பிள்ளைகளின் போட்டோக்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. போட்டோக்களை டெலீட் செய்துவிட்டு, "காலியாத்தான் இருக்கு" என்று டிரைவைத் தோழியிடம் கொடுக்கிறார்கள். டெலீட் செய்யும்போது கோப்பு அங்கேயே கிடக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதலாம் என்ற குறிப்பு மட்டுமே விழுகிறது. புதிதாக எதுவும் அதன் மேல் எழுதப்படாத வரை, இலவச மீட்பு மென்பொருளே அதை வெளியே கொண்டுவந்துவிடும். அதனால் டிரைவைக் கைமாற்றும் முன் விண்டோஸில் 'குவிக் ஃபார்மட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. அதன் பிறகு சாதாரண மீட்பு மென்பொருளுக்கு எதுவும் சிக்காது.

கடைக்கென்றே தனியாக ஒரு சிறிய பென் டிரைவ் வையுங்கள். அன்றைக்கு அச்சாக வேண்டிய பிடிஎஃப் தவிர அதில் வேறெதுவும் இருக்க வேண்டாம். முழு ஆதார் எண் தேவைப்படாத இடத்துக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை எடுத்துப் போங்கள். பிரிண்ட் கைக்கு வந்ததும், "டெஸ்க்டாப்புல இருக்கறத அழிச்சிடுங்கண்ணா" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அழிக்கும் வரை நின்று பாருங்கள்.

கடை நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஷட்டரை இறக்கும் முன் அன்றன்றைய ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.