கொடைக்கானலில் ஒரே ஒரு நாள்தானா? எந்தப் படகில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்?

மதுரையிலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்துக் கிளம்பும் ஒரு குடும்பம் கொடைக்கானல் போய்ச் சேரும்போது மணி ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். இருட்டுவதற்குள் மலைப்பாதையில் பெரும்பகுதியை இறங்கிவிட வேண்டும் என்றால் நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். இடையில் சாப்பாடு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஸ்வெட்டர் கடை இருக்கிறது. மிச்சம் கிடைப்பது ஐந்து மணி நேரம்தான்.

இந்த ஐந்து மணி நேரத்தில் ஏரியில் படகு சவாரி போக வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லோருடைய ஆசை. ஆனால் பலரும் மதியத்துக்கு மேல் படகு இல்லத்துக்கு வந்து, நீண்ட வரிசையில் நின்று, கிடைத்த படகில் ஏறிவிட்டு, "இதுக்கா இவ்ளோ நேரம் நின்னோம்?" என்று கேட்டபடி இறங்குகிறார்கள். கொஞ்சம் முன்கூட்டியே யோசித்தால் இதைத் தவிர்க்கலாம். எந்தப் படகு, எத்தனை மணிக்கு, யார் யார் ஏறலாம், ஏறும் முன் என்ன கேட்க வேண்டும்? பார்ப்போம்.

முதலில் ஏரியைத் தெரிந்துகொள்வோம்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவானது அல்ல. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளின் குறுக்கே கரை கட்டி உருவாக்கியது. ஏரியில் விட்ட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தவரும் அவரே என்று சொல்லப்படுகிறது. 1890இல் இங்கே படகு கிளப் தொடங்கியது. 1932இல்தான் அது பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லமும் இதே ஏரியில் இருக்கிறது. ஆக, கரையில் ஒரே ஒரு டிக்கெட் கவுன்ட்டர்தான் என்று நினைக்க வேண்டாம். ஒன்றில் கூட்டம் என்றால் இன்னொன்றையும் போய்ப் பார்க்கலாம்.

ஏரி நட்சத்திர வடிவில் இருக்கிறது. பல கைகளாகப் பிரிந்து மலை மடிப்புகளுக்குள் போகிறது. படகு இல்லத்தில் நின்று பார்த்தால் முழு ஏரியும் தெரியாது. சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர். ஒரு சவாரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி நேரம். மிதி படகு நடந்து போகிற வேகத்தில்கூடப் போகாது. போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று கணக்குப் போட்டால் சில நூறு மீட்டர் தூரம்தான் போய்வர முடியும். "ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்ற எண்ணத்தோடு படகில் ஏறினால் ஏமாற்றம்தான்.

ஏரி முழுவதையும் பார்க்க வேண்டும் என்றால் அதற்குச் சரியான வழி கரையோரச் சாலை. நடக்கலாம், வாடகை சைக்கிள் எடுக்கலாம். படகு என்பது தண்ணீரின் நடுவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதற்கு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மிதி படகா, துடுப்புப் படகா?

இங்கே முக்கியமாக இருப்பவை மிதி படகும் துடுப்புப் படகும்தான். ஊட்டி போல மோட்டார் படகில் உட்கார்ந்து ஒரு வட்டம் அடிக்கலாம் என்று எதிர்பார்த்து வர வேண்டாம்.

மிதி படகு இரண்டு பேர், நான்கு பேர் அளவில் கிடைக்கும். இதில் ஓட்டுநர் நீங்கள்தான். கல்லூரி நண்பர்கள், இளம் தம்பதிகள், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இது சரியாக இருக்கும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் கீழே இருப்பதைவிடக் குறைவு. சமவெளியிலிருந்து அன்று காலைதான் வந்தவருக்குப் பத்து நிமிடம் மிதித்ததும் மூச்சு வாங்கலாம். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மிதிக்கும் இருக்கையில் உட்காராமல் இருப்பது நல்லது.

துடுப்புப் படகில் ஓட்டுவதற்கு ஆள் வருவார். கட்டணம் கூடுதல். ஆனால் தாத்தா பாட்டியோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் இதுதான் சரி. படகோட்டிக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நீர்த்தாவரங்கள் எங்கே மண்டிக் கிடக்கின்றன என்பதெல்லாம் தெரியும். அதே அரை மணி நேரத்தில் நீங்கள் மிதித்துப் போவதைவிட அதிக தூரம் கூட்டிப்போவார். உங்களுக்கும் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

எட்டுப் பேர் கொண்ட குடும்பம் என்றால் எல்லோரும் ஒரே படகில்தான் போக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு துடுப்புப் படகு, இளசுகளுக்கு ஒரு மிதி படகு என்று பிரித்துக்கொண்டால் இரண்டு தரப்பும் சந்தோஷமாக இறங்கும். யாருக்காவது தண்ணீர் என்றாலே பயம் என்றால் அவரை வற்புறுத்த வேண்டாம். ஏரிக்குப் பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.

எந்த நேரம் நல்லது?

படகு இல்லம் திறக்கும் காலை நேரம்தான். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கூட்டம். ஒருநாள் பயணிகளில் பலர் முதலில் பைன் மரக்காடு, குணா குகை என்று மேலே போய்விட்டு மதியத்துக்கு மேல்தான் ஏரிக்கு வருவார்கள். நீங்கள் அதைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். இரண்டு, வானிலை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பும். மதியத்துக்கு மேல் மூடுபனியோ மழையோ வர வாய்ப்பு அதிகம். பனி இறங்கினால் எதிர்க்கரை தெரியாது, மழை வலுத்தால் சவாரியையே நிறுத்திவிடுவார்கள்.

மாதக் கணக்கும் உண்டு. ஏப்ரல், மே மாதங்கள் சீசன். கோடை விழாவையொட்டி ஏரியில் படகுப் போட்டி, படகு அலங்காரப் போட்டி, வாத்து பிடிக்கும் போட்டி எல்லாம் நடக்கும். பார்க்க அருமை. ஆனால் அந்த நாளில் ஊரில் கூட்டம் நெரியும், சவாரிக்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது படகை நம்பி மட்டும் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

மிதி படகு எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது களைத்திருப்பீர்கள், காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, திரும்பி வர முடியாமல் திணறிக் கூடுதல் நேரத்துக்கும் பணம் கட்டுகிறார்கள். 12ஆவது நிமிடத்தில் படகைத் திருப்பிவிட்டால் கவலையில்லை.

"ஏங்க, லைஃப் ஜாக்கெட் எல்லாம் போடணுமா?"

போட வேண்டும். போட்டோவில் நன்றாக இருக்காது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வது இங்கே சாதாரணமாக நடக்கிறது. "குளம் மாதிரிதானே இருக்கு" என்று தோன்றும். ஆனால் ஏரியின் ஆழம் சில இடங்களில் 10 மீட்டரைத் தாண்டும். தண்ணீர் குளிர்ச்சியானது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் திடீரென்று குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் சில நொடிகள் மூச்சு திணறும். போதாததற்கு மேலே கம்பளி ஸ்வெட்டர், காலில் ஷூ. நனைந்தால் எல்லாம் கனக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த இரண்டு துயரங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டு அடுக்குப் படகில் இருந்தவர்கள் கரையில் விலங்குகளைப் பார்ப்பதற்காக ஒரே பக்கம் நகர்ந்ததாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது அந்தி சாய்ந்த பிறகு, அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றிச் சென்ற படகு.

கொடைக்கானலின் சிறு படகுகள் அவற்றைப் போன்றவை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். படகு கவிழ்வதற்குப் புயல் தேவையில்லை. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலே போதும். செல்ஃபிக்காக எழுந்து நிற்பதும், நடுத் தண்ணீரில் இடம் மாறி உட்காருவதும், பக்கத்துப் படகை இடித்து விளையாடுவதும்தான் இங்கே உள்ள ஆபத்து.

டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* இந்தப் படகில் அதிகபட்சம் எத்தனை பேர்? குழந்தையும் கணக்கில் வருமா? ("சின்னப் பையன்தானே, மடியில வச்சுக்கிறேன்" என்பது கட்டணத்தைக் குறைக்கலாம், படகின் எடையைக் குறைக்காது.)
* நேரம் எப்போதிலிருந்து கணக்கு? படகு கிளம்பியதிலிருந்தா, டிக்கெட் எடுத்ததிலிருந்தா?
* நேரம் தாண்டினால் எவ்வளவு? முன்வைப்புத் தொகை உண்டா? உண்டென்றால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.
* மழையால் பாதியில் திரும்பினால் பணம் திரும்பக் கிடைக்குமா?
* குழந்தைக்குச் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? பெரியவர்களுடையதைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலைவழியே கழன்றுவிடும். சரியான அளவு இல்லை என்றால் அந்தக் குழந்தையைப் படகில் ஏற்ற வேண்டாம்.

கட்டணத்தைப் பலகையில் பார்த்துவிட்டு நேராகக் கவுன்ட்டரில் கட்டுங்கள். "வரிசையே வேணாம், நான் ஏத்திவிடுறேன்" என்று சாலையில் அழைப்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

பேரிஜம், மன்னவனூர் போகலாமா?

பேரிஜம் ஏரி கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. அனுமதி பெற வேண்டும். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்கள்தான் விடப்படும். யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். முக்கியமாக, அங்கே படகு சவாரி கிடையாது. பெரியகுளம் பகுதிக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கே அரை நாள் போய்விடும்.

மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். பூம்பாறை வழியாகப் போக வேண்டும். புல்வெளிக்கு நடுவில் உள்ள ஏரியில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் பரிசல் சவாரி நடத்துகிறது. பரிசலில் போனால் மிதிக்கவும் வேண்டாம், துடுப்பு போடவும் வேண்டாம். கூட்டமும் கொடைக்கானல் அளவுக்கு இருக்காது. ஆனால் வளைந்து வளைந்து போகும் பாதையில் போய்வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருநாள் பயணிகள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மன்னவனூர் போனால் கொடைக்கானல் ஏரிப் படகை விட்டுவிடுங்கள். இரண்டையும் பிடிக்க ஆசைப்பட்டால் நாள் முழுக்க வேனில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

இரவு தங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதல் நாள் மன்னவனூர், மறுநாள் காலை ஏரி என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு அடியில் பார்க்க முடியுமா?

முகமூடி, சுவாசக் குழாய் மாட்டிக்கொண்டு மீன்களைப் பார்க்கும் ஸ்நார்க்கலிங் கொடைக்கானலில் கிடையாது. ஏரியில் இறங்கிக் குளிப்பதும் கூடாது. கொடைக்கானல், மதுரை, ராமேஸ்வரம் என்று ஒரே பயணமாகப் போகிறவர்கள் அந்த ஆசையை ராமநாதபுரம் கடற்கரைக்குத் தள்ளிவைக்கலாம். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. அது பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் வனத்துறை அனுமதித்த இடத்தில், அனுமதித்த படகில் மட்டுமே போக வேண்டும். மேலே சொன்ன கேள்விகள் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கிளம்பும் முன்

சொந்த வாகனத்திலோ வாடகை வேனிலோ வருபவர்களுக்கு இ-பாஸ் முறை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இது தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய நாளே விண்ணப்பித்து, அப்போது என்ன விதி நடைமுறையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நின்று செல்போனில் தட்டிக்கொண்டிருந்தால் காலைப் படகு போய்விடும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

ஒருவேளை மழையால் படகு கிடைக்கவில்லை என்றாலும் வருத்தப்பட வேண்டாம். ஏரிச் சாலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு, வத்தலக்குண்டு வழியாக இறங்கும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியில் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஊரிலிருந்து 8 கிலோமீட்டர்தான். ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான் அங்கே கொட்டுகிறது. மழை நாளில் பார்க்க அதுவே போதும்.