ஒரே கேள்வி, நாற்பது வருஷம்

பிராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போனாலே முதல் கேள்வி "ரிசல்ட் எங்கே?" என்பதுதான். சரி, அந்த ரிசல்ட்டை எடுக்கும் வழியே இன்னும் உலகத்தில் இல்லை என்றால்? அதையும் நாமே உருவாக்கணும்னா எத்தனை வருஷம் ஆகும்?

பிரெட்ரிக் சாங்கரைக் கேட்டால் 12 வருஷம் என்பார். வேதியியல் நோபலை இரண்டு முறை வாங்கியவர் அவர். 2022-ல் பாரி ஷார்ப்லெஸ் வாங்கும்வரை வேறு யாரும் அப்படி வாங்கியதில்லை.

1918-ல் இங்கிலாந்தில் பிறந்த சாங்கர், 1943-ல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்துவிட்டு, அங்கேயே பேராசிரியர் சிப்னாலின் குழுவில் சேர்ந்தார். கையில் எடுத்தது இன்சுலின். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று அப்போதே தெரியும். ஆனால் ஒரு புரதத்துக்கு நிலையான வரிசை என்று ஒன்று இருக்கா? அதுதான் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

முதலில் சங்கிலியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தார். டைநைட்ரோஃப்ளூரோபென்சீன் என்ற வேதிப்பொருள் முதல் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு மஞ்சள் நிறம் தரும். அதன் பிறகு சங்கிலியை அமிலத்தில் உடைத்தாலும் அந்த ஒட்டு விடாது. மஞ்சளாக வருவது எதுன்னு பார்த்தால் போதும்.

மற்றதுக்கு? சங்கிலியைப் பல விதமாக உடைத்து, துண்டுகள் எங்கே ஒன்றின்மேல் ஒன்று பொருந்துது என்று பார்த்தார். உங்க கையில் "எட்டு மணிக்கு", "நாளை காலை", "மணிக்கு லேப்", "காலை எட்டு" என்று நாலு துண்டுச் சீட்டு இருக்குன்னு வைங்க. பொதுவான சொற்களைப் பொருத்தினால் "நாளை காலை எட்டு மணிக்கு லேப்" என்று படித்துவிடலாம். இதே வேலைதான்! 21, 30 என இரண்டு சங்கிலிகளில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 1955-ல் முழு வரிசையும் முடிந்தது. 1958-ல் நோபல். ஒவ்வொரு புரதத்துக்கும் துல்லியமான வரிசை உண்டு என்பது அதோடு உறுதியானது.

அப்புறம்? சில வருஷங்களுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. சாங்கரே அவற்றை மெலிந்த வருஷங்கள் என்று பிறகு சொன்னார். ஆனாலும் கேள்வியை விடவில்லை. 1962-ல் கேம்பிரிட்ஜிலேயே மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு மாறினார். புரதத்திலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து டி.என்.ஏ. என்று போனார்.

டி.என்.ஏ. விஷயத்தில் உடைக்கிற வழி சரிப்படவில்லை. அதனால் யோசனையைத் திருப்பிப் போட்டார்: உடைக்க வேண்டாம், நகலெடுக்கும்போது நடுவில் நிறுத்துவோம். ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்துக்கும் நாலு குழாய். ஒவ்வொன்றிலும் அந்தந்த எழுத்தின் டைடியாக்ஸி வடிவம் கொஞ்சம் கலந்திருக்கும். அது சேர்ந்த இடத்தில் சங்கிலி மேலே வளர முடியாது. அதனால் பல நீளங்களில் நகல்கள் கிடைக்கும். ஜெல்லில் மின்சாரம் கொடுத்தால் சின்னத் துண்டு வேகமாகக் கீழே இறங்கும். கீழிருந்து மேலே படித்தால் வரிசை ரெடி. இந்த முறை வெளிவந்தது 1977-ல். 1980-ல் இரண்டாவது நோபல். 2003-ல் முடிந்த மனித மரபணுத் தொகுதித் திட்டமும் பெரும்பாலும் இந்த முறையின் மேல்தான் நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். சாங்கருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, பிஎச்.டி. காலத்தில் சம்பளம் இல்லாமலே சமாளிக்க முடிந்தது. 1951 முதல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலில் நிரந்தர வேலை. அந்த மெலிந்த வருஷங்களில் யாரும் வெளியே அனுப்பவில்லை. கேம்பஸ் பிளேஸ்மென்ட்டா, எம்.எஸ்.ஸா, பிஎச்.டி.யா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? அதனால் "விடாமுயற்சி இருந்தா போதும்" என்று இந்தக் கதையைச் சுருக்க எனக்கு மனசு வரலை. முயற்சியோடு, காத்திருக்கத் தயாரான ஓர் இடமும் வேணும். மேற்படிப்புக்கு லேப் தேடும்போது ரேங்கிங்கோடு சேர்த்து இதையும் விசாரிங்க.

1983-ல் சாங்கர் ஓய்வு பெற்று, தோட்ட வேலை பார்க்கப் போய்விட்டார். 1988-ல் தன் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு: "வரிசைகள், வரிசைகள், வரிசைகள்".