மூளையுறைக் காசநோயை இனங்காணும் முறை

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வசித்த அறுவருக்கு, 2012-க்கும் 2016-க்கும் இடையே, முக்கிய மருந்துகளுக்கு அடங்காத காசநோய் இருப்பது தெரியவந்தது. அவர்களிடம் காணப்பட்ட கிருமிகளின் மரபணு அமைப்பு ஒத்திருந்தது. 2016 ஜூன் மாதம் சுகாதார அமைச்சு அக்கட்டடத்தினருக்கு இலவசப் பரிசோதனை நடத்தியது.

கிருமி அகப்பட்டதனால் அவ்வுண்மை தெளிவாயிற்று. ஆயினும் காசநோய்க் கிருமி எப்பொழுதும் எளிதில் அகப்படுவதில்லை. அது இரத்தத்தின் வழியே சென்று மூளையைச் சூழ்ந்துள்ள உறையைத் தாக்குவதே மூளையுறைக் காசநோய். இந்நோயில், முதுகிலிருந்து ஊசியால் எடுக்கப்படும் தண்டுவட நீரில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். நுண்ணோக்கியில் அவை பெரும்பாலும் தென்படுவதில்லை. வளர்த்துப் பார்ப்பதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

இதனால் ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடர் எழுந்தது. ரப்பர் ஷீட்டின் தரத்தை ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு விதமாகக் குறித்தால் விலை பேச இயலுமா? அதுபோலவே, ஒவ்வொரு மருத்துவமனையும் இந்நோயை வெவ்வேறு அளவுகோலால் முடிவு செய்தால், எந்தச் சிகிச்சை சிறந்தது என ஒப்பிட இயலாது. எனவே 2009-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் வல்லுநர்கள் கூடி ஒரு பொது அளவுகோலை வகுத்தனர். அது 2010-இல் வெளியிடப்பட்டது.

அதன்படி, நோய்க்குறிகளோடு தண்டுவட நீரில் கிருமியும் காணப்பட்டால் நோய் ‘உறுதியானது’. கிருமி காணப்படாவிடில், பிற நோய்களை விலக்கிய பின்னர், நான்கு வகைச் சான்றுகளுக்குப் புள்ளிகள் இடப்படும். அவை நோய்க்குறிகள், தண்டுவட நீரின் தன்மை, மூளையின் படம், உடலின் பிற பாகத்தில் காசநோய் என்பனவாம். நோய்க்குறிகள் ஐந்து நாள்களுக்கு மேல் நீடித்தால் மட்டுமே 4 புள்ளிகள் உண்டு. மூளைப் படம் இருப்பின் 12, இல்லாவிடில் 10 புள்ளிகளை எட்டினால் ‘பெரும்பாலும் இந்நோயே’ எனவும், 6 முதல் அந்த எல்லைக்குக் கீழ் வரை இருந்தால் ‘இந்நோயாக இருக்கலாம்’ எனவும் வகைப்படுத்துவர்.

இவ்வகைப்பாடு ஆய்வுக்காக ஏற்பட்டது. நோயாளி உறுதியான விடைக்காகக் காத்திருக்கலாகாது. ஐயம் வலுவாயின் மருத்துவர்கள் உடனே மருந்தைத் தொடங்குவர். 1980-களில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு இதன் காரணத்தை உணர்த்துகிறது. நினைவு தெளிவாயிருக்கும் முதற்படியில் வந்தவர்களிடையே இறப்பு குறைவு. நினைவிழந்த மூன்றாம் படியில் வந்தவர்களிடையே மிக அதிகம். உயிர் பிழைத்தோர் சிலர்க்குக் கை கால் முடக்கமோ பார்வைக் குறைவோ நிலைத்துவிடுவதும் உண்டு.

ஆகவே, பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி தவறாமல் போடப்பட வேண்டும். சிறு குழந்தைகளை இக்கொடிய வடிவத்திலிருந்து காப்பதில் அது பெருந்துணை புரிகிறது. காய்ச்சலும் தலைவலியும் நாள்கணக்கில் தொடர்ந்து, வாந்தியோ, கழுத்து விறைப்போ, வழக்கத்துக்கு மாறான சோர்வோ தோன்றினால், ‘நாளை பார்ப்போம்’ என்றிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும், வீட்டில் எவருக்கேனும் நெடுநாள் இருமல் உண்டா என்பதையும் மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். நீங்கள் கூறும் அச்செய்திகளும் நோயை இனங்காணும் சான்றுகளே.