ஜான் நியூட்டனின் மனந்திரும்புதல்

கிறிஸ்தவ வழக்கில் 'மனந்திரும்புதல்' என்பது செய்த தவறுக்காக வருந்துவது மட்டும் அன்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு வழங்கும் சொல் 'மெட்டனோயா'. மனத்தின் போக்கே மாறிவிடுவது என்பது அதன் பொருள். இம்மாற்றம் ஒரு நொடியில் நிகழ்வதா, ஆண்டுக்கணக்கில் நடப்பதா என்பது பழைய கேள்வி.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் (1725–1807). அடிமை வணிகர் புயலில் சிக்கினார், கடவுளைக் கூப்பிட்டார், அன்றே அத்தொழிலை உதறிப் போதகரானார் என்று அவர் கதையை மேடைகளில் சுருக்கிச் சொல்வதுண்டு. உண்மை வரலாறு அவ்வளவு எளிதன்று.

நியூட்டன் லண்டனில் பிறந்தவர். தந்தை கப்பல் தலைவர். வேதாகமத்தைச் சொல்லிக்கொடுத்து வளர்த்த தாய், அவருக்கு ஏழு வயது நிறையும் முன்பே காசநோயால் இறந்தார். 11 வயதில் கடலுக்குப் போனார். 1744-இல் கடற்படைக்கு வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டு, தப்பியோட முயன்று கசையடி பட்டார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பசியும் நோயுமாக, ஏறத்தாழ அடிமையைப் போலவே கிடந்தார். தந்தையின் வேண்டுகோளால் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு திரும்பியது.

1748 மார்ச் 10 அன்று அக்கப்பல் வட அட்லாண்டிக் கடலில் பெரும் புயலில் சிக்கி உடைந்தது. தேன்மெழுகும் மரமுமாக, நீரில் மிதக்கும் சரக்கு ஏற்றியிருந்ததால்தான் அது மூழ்கவில்லை. மணிக்கணக்கில் நீரை இறைத்துக் களைத்த நியூட்டனின் வாயிலிருந்து, ஆண்டவர் இரங்கவேண்டும் என்ற சொல் தானாக வந்தது. கடவுளைப் பழிப்பதில் பேர்போன தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவரே திகைத்தார். ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்துக் கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்த நாளை அவர் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

ஆனால் அதன் பிறகு அவர் செய்தது என்ன? அதே ஆண்டிலேயே ஓர் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகப் புறப்பட்டார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அத்தகைய கப்பல்களுக்குத் தலைவராகவே இருந்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். மேல்தளத்தில் வழிபாடு நடந்த அக்கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டிருந்தனர். கலகம் செய்யத் திட்டமிட்டதாக ஐயப்பட்டபோது, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுப்பொறியில் இறுக்கியதாக அவரது கப்பல் குறிப்பேடே சொல்கிறது. இதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

அவரை வெறும் வேடதாரி என்று தள்ளிவிடவும் முடியாது. அக்கால இங்கிலாந்தில் அடிமை வணிகம் மதிப்புள்ள தொழில். கடவுளே தமக்கு வகுத்த வேலை இது என்றுதான் அப்போது நினைத்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். எனினும் எந்நேரமும் சங்கிலியோடும் விலங்கோடும் புழங்குவது உறுத்தியதால், வேறு வேலை கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகவும் எழுதியுள்ளார். குடி, வசை, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை விசுவாசம் விரைவில் தொட்டுவிட்டது. ஊரே சரியென்று ஏற்றுக்கொண்டிருந்த பாவத்தை அது தொட நாளாயிற்று. புயல் முடிந்த வேளையில் தாம் முழுப்பொருளில் விசுவாசியாக இருக்கவில்லை என்பது அவரே தந்த தீர்ப்பு.

1754-இல் கடலை விட்டதற்கும் மனச்சான்று காரணமன்று, திடீர் உடல்நலக் குறைவே காரணம். பிறகு லிவர்பூலில் சுங்கப் பணி செய்துகொண்டே கிரேக்கமும் எபிரேயமும் தாமாகக் கற்றார். 1764-இல் ஓல்னி என்னும் சிற்றூரில் திருச்சபைக் குருவானார். புகழ்பெற்ற அப்பாடல் புயலின் நடுவே பிறந்ததன்று. 1773 புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக, 1 நாளாகமம் 17-ஆம் அதிகாரத்திலுள்ள தாவீதின் ஜெபத்தை ஒட்டி எழுதப்பட்டது. இன்று நாம் கேட்கும் மெட்டு 1835-இல்தான் அமெரிக்காவில் அதனோடு சேர்ந்தது.

1785-இல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர், அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு நியூட்டனைத் தேடி வந்தார். அங்கேயே இருந்து பணிசெய்யும்படி நியூட்டன் அறிவுரை கூறினார். 1788-இல் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் வெளியிட்டு, அக்கொடுமையில் தமக்கிருந்த பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள். அவரைப் போல உள்ளிருந்து கண்டு சொல்லக்கூடிய சாட்சி அந்த இயக்கத்துக்கு அரிது. விசாரணைக் குழுவின் முன்பும் சாட்சி சொன்னார்.

1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. பார்வை மங்கிய முதியவராக அச்செய்தியைக் கேட்ட நியூட்டன், அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று இறந்தார். வணிகம்தான் நின்றது; ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்கள் 1833-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.