செகண்ட் இயர்ல கன்சல்டிங் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?

இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணா, நான் செகண்ட் இயர் இன்ஜினியரிங். கன்சல்டிங் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?"

கன்சல்டிங்னா, ஒரு கம்பெனியோட பிரச்சினையை வெளியாளா வந்து அலசி, கணக்கோட ஒரு வழி சொல்றது. மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் இதுல பெரிய பேர்கள். இவங்க இந்தியாவுல பெரும்பாலும் ஐஐடி, ஐஐஎம் மாதிரி சில கேம்பஸ்லதான் ஆள் எடுக்குறாங்க. காலேஜ் மாணவர்கள்ல முக்கியமா பார்க்குறது ப்ரீ-ஃபைனல் இயரை. அதனால செகண்ட் இயர்ல அங்க பதில் வரலேன்னா, அது உங்க தகுதிக்கான தீர்ப்பு இல்ல.

எனக்கு இது தெரியாது. 40 மெயில் அனுப்பினேன், பதில் பூஜ்யம். அந்த விரக்தியில, "பணம் கட்டுங்க, இன்டர்ன்ஷிப் தர்றோம்"னு சொன்ன ஒரு இடத்துல அம்மாகிட்ட வாங்கின 3,000 ரூபாயைக் கட்டினேன். கிடைச்சது நாலு வீடியோவும் ஒரு சர்டிபிகேட்டும். அதை எடுத்துட்டு ஒரு இன்டர்வியூ போனேன். "இதுல நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க. சொல்ல ஒண்ணுமே இல்ல.

அப்போ எங்க தெரு மாவுக்கடை அக்கா, "நல்லாத்தான் விக்குது தம்பி, கையில காசு நிக்கல"ன்னு புலம்பினாங்க. கேஸ் இன்டர்வியூல கேக்குறதும் இதே கேள்விதான்! லாபம்னா வரவு கழித்தல் செலவு. எந்தப் பக்கம் ஓட்டைன்னு பிரிச்சுப் பிரிச்சுத் தேடணும்.

ரெண்டு வாரம் நோட்டுல எழுதினோம். தினமும் 60 பாக்கெட் போடுறாங்க. திங்கள், செவ்வாய்ல 20 மிஞ்சிப் புளிச்சுப் போகுது. சனி, ஞாயிறுல சாயங்காலம் 6 மணிக்கே காலி, வர்றவங்க திரும்பிப் போறாங்க. திங்கள், செவ்வாய்க்கு 40, சனி, ஞாயிறுக்கு 80, மத்த நாள் அதே 60னு மாத்தினோம். வாரத்துக்கு மொத்தம் முன்ன மாதிரியே 420தான். ஆனா மாவு கொட்டுறது ஏறக்குறைய நின்னுடுச்சு.

இதை ஒரே பக்கத்துல எழுதி, ஊர்ல இருக்குற 12 சின்ன கன்சல்டிங் நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ரெண்டு பேர் பதில் போட்டாங்க, ஒருத்தர் லீவுல 6 வாரத்துக்கு எடுத்துக்கிட்டார். அங்கயும் அதே கேள்வி: "இதுல நீங்க என்ன பண்ணீங்க?" இந்தத் தடவை 20 நிமிஷம் பேசினேன்.

தெருவுல கடை கிடைக்கலேன்னா, காலேஜ் கன்சல்டிங் கிளப்ல சேருங்க. 2007ல சிட்னியில ஆரம்பிச்ச 180 டிகிரீஸ் கன்சல்டிங்குக்கு இந்தியக் கல்லூரிகள்லயும் கிளைகள் இருக்கு. அதுல மாணவர்களே தொண்டு நிறுவனங்களோட பிரச்சினைகளை எடுத்து வேலை பார்க்குறாங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்ங்க: தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர்கிட்ட, "வியாபாரத்துல எது உங்களுக்குத் தலைவலி?"ன்னு கேளுங்க. அப்புறம் முக்கியமா, இன்டர்ன்ஷிப்புக்கு யாராவது உங்ககிட்ட காசு கேட்டா, திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. என் 3,000 ரூபாய் சொல்ற பாடம் அது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.