ஈசிஜி நார்மல், ஆனால் தலை மந்தம்

மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்குகிறது. மகளுக்கு ‘பாட்ஸ்’, அதாவது எழுந்து நின்றால் நாடி எகிறும் கோளாறு, என்கிறார் ஒரு மருத்துவர். இன்னொருவர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல், படிக்கச் சோம்பல் என்கிறார்.

அந்த ‘நார்மல்’ எந்த நிலையில் எடுத்தது என்று கேளுங்கள். ஈசிஜி படுக்கவைத்து எடுப்பது, பிரஷர் உட்காரவைத்துப் பார்ப்பது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவோ நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குவது எல்லோருக்கும் உண்டு. ரத்தக்குழாய்கள் இறுகி அதைச் சமாளித்துவிடும். பாட்ஸ் உள்ளவர்களுக்கு இதயம் ஓடி ஓடி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது: பத்து நிமிடத்துக்குள் நாடி 30 துடிப்பாவது கூடும், 12 முதல் 19 வயதுக்குள் என்றால் 40. பிரஷர் பெரிதாக இறங்காது. கையில் பிரஷர் சரியாக இருக்கும்போதே மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம். சிலருக்கு அவர்களை அறியாமலே மூச்சு ஆழமாகிவிடும். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேற, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நின்ற உடலைத் தாங்கிப்பிடிக்கும் அவசர ஏற்பாடே மூளையின் பங்கைப் பிடுங்கிக்கொள்வதுதான் என்னை உறுத்துகிறது.

“தேர்வை உட்கார்ந்துதானே எழுதுகிறாள்?” என்று பள்ளியில் கேட்கிறார்களாம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், உட்காரவைத்துச் சோதித்தபோதும் பாட்ஸ் உள்ளவர்களின் கவனமும் யோசிக்கும் வேகமும் குறைந்திருந்தன. ஞாபகசக்தி ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருந்தது. அதாவது படித்தது உள்ளே இருக்கிறது, எடுக்க நேரம் பிடிக்கிறது. கூடுதல் நேரம் கேட்பதற்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பாட்ஸ் இல்லை என்பது உண்மை. ஆனால் 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதற்காக மட்டும் தேர்வில் எழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சுட்டிக்காட்டிக் கூடுதல் நேரம் கேளுங்கள்.

வீட்டில் பார்க்கலாமா? பத்து நிமிடம் படுத்து, பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கொரு முறை நாடியை எண்ணிக் குறியுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

ரத்தசோகையாக இருக்குமோ? இருக்கலாம், ஹீமோகுளோபினையும் தைராய்டையும் முதலில் பாருங்கள்.

உணவில் உப்பைக் கூட்டலாமா? மருத்துவர் சொன்னால் மட்டும்.

சான்றிதழ்? கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். நின்றபோது எடுத்த நாடிக் கணக்கையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.