வாடகை அலையிலிருந்து சொந்த அலைக்கு: ரொறன்ரோத் தமிழ் வானொலியின் அனுமதிப்பத்திரக் கதை

தமிழ் வானொலி கேட்பதற்கென்றே ஒரு தனிப் பெட்டி வாங்கிய சமூகம் எம்முடையது. கடைகளில் விற்கப்பட்ட சாதாரண வானொலியைத் திருகினால் ரொறன்ரோவின் துணை அலைத் தமிழ் ஒலிபரப்புகள் கேட்காது. இங்கு இயங்கிய கீதவாணி, சி.ரி.ஆர்., சி.ரி.பி.சி. போன்ற ஒலிபரப்புகள் துணை அலை முறையிலேயே எம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

எவ்.எம். நிலையமொன்று தனது பிரதான நிகழ்ச்சிக்கு 53 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியையே பயன்படுத்துகின்றது. அதற்கு மேலே, வழக்கமாக 67, 92 கிலோஹேர்ட்ஸ் ஆகிய இடங்களில், வேறோர் ஒலியை ஏற்றி அனுப்பலாம். அந்த இடத்தை நிலைய உரிமையாளர் வாடகைக்கு விடுவார். எம்மவர்க்கு நன்கு பழகிப்போன நிலக்கீழ் அறை வாழ்க்கையைப் போன்றதே இதுவும்: உறுதிப்பத்திரம் வீட்டுக்காரரிடம், குடியிருப்பவரிடம் வாடகைச் சிட்டை மட்டும். ஒலியும் அவ்வாறே அமைந்தது. துணை அலைக்கு ஒதுக்கப்படும் வலு மிகக் குறைவு. உயர்ந்த மாடிக் கட்டடங்களில் மோதித் திரும்பும் அலைகள் இரைச்சலைக் கூட்டும். காரில் செல்பவருக்கும் அவரது சாதாரண வானொலியில் அந்த ஒலி கிட்டாது.

ஆயினும் அந்தப் பெட்டியை எம்மவர் அணைக்க விரும்பியதில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, தாய் தந்தையர் எத்திசை சென்றனர் என்றறியாது தவித்தவர்களுக்குத் தாய்மொழிச் செய்தியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மரண அறிவித்தல்களும் இந்த வழியாகவே செவிகளை எட்டின.

சிறியதொரு பரப்பியை வாங்கி, கேளாமலே ஒலிபரப்பினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. லண்டனிலும் அனுமதியற்ற நிலையங்கள் பல ஒலித்ததுண்டு. கனடாவில் அதற்குரிய விலை பெரிது. 1991ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, அனுமதியின்றி ஒலிபரப்பும் தனிநபருக்கு நாளொன்றுக்கு 20,000 டொலர் வரையும், நிறுவனத்துக்கு 200,000 டொலர் வரையும் தண்டம் விதிக்க அது வழிசெய்தது. அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருக்கும் ஒருவர் இத்தகைய வழக்கொன்றில் பெயர் பதிவதை விரும்புவாரா?

முறைப்படி கேட்பதும் இலகுவன்று. சி.ஆர்.ரி.சி. எனப்படும் ஒலிபரப்பு ஆணைக்குழுவின் அனுமதி ஒன்று. அலைவரிசையைப் பயன்படுத்துவதற்கு மத்திய அரசின் தொழில்நுட்பச் சான்றிதழ் மற்றொன்று. 1997இல் வந்த அரசாங்கப் பணிப்புரை, அனுமதி பெறும் நிறுவனத்தின் இயக்குநர்களிலும் வாக்குரிமைப் பங்குகளிலும் 80 வீதம் கனடியருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்றது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரையும் அது கனடியராகவே கொண்டது. ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்து ஓராண்டு கடந்தும் அதனைப் பெறாதவருக்கு அச்சலுகை இல்லை. அகதிக் கோரிக்கையாளர் நேயராகலாம், அறிவிப்பாளராகலாம், உரிமையாளராதல் அரிது.

அடுத்தது இடநெருக்கடி. ரொறன்ரோ வானில் வெற்று அலைவரிசை கிடைப்பது, நகர மையத்தில் வெற்றுக் காணி கிடைப்பது போன்றது. கறுப்பின மக்களுக்கான நிலையமொன்றைக் கேட்ட மைல்ஸ்ரோன் நிறுவனம் 1990இல் மறுக்கப்பட்டது; அந்த அலைவரிசை நாட்டுப்புற இசை நிலையமொன்றுக்குப் போயிற்று. 1997இல் கேட்ட 99.1 சி.பி.சி.க்குக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் முறையாக 2000இல்தான் 93.5 கிடைத்தது. எமக்கு முன்னரே வந்து நிலைபெற்ற சமூகமொன்றுக்கே பத்தாண்டுகள் சென்றன என்பதை எம்மவர் கருத்திற் கொள்ளல் நன்று.

தமிழர் முன்னின்ற முயற்சி 2003 ஏப்ரலில் பலித்தது. கனடியப் பல்கலாசார வானொலிக்கு 101.3 எவ்.எம். அலைவரிசையை ஆணைக்குழு வழங்கியது. 2004இல் அது ஒலிக்கத் தொடங்கியது. சாதாரண வானொலியிலும் காரிலும் தமிழ் கேட்டது.

பெயரிலுள்ள 'பல்கலாசாரம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆணைக்குழுவின் 1999ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, இத்தகைய நிலையங்கள் நேரத்தில் 60 வீதத்தை இனக்குழு நிகழ்ச்சிகளுக்கும், 50 வீதத்தை ஆங்கிலம், பிரெஞ்சு, பூர்வகுடி மொழிகள் அல்லாத மொழிகளுக்கும் ஒதுக்குதல் வேண்டும். அத்துடன் பல சமூகங்களுக்கும் சேவை செய்தல் வேண்டும். துணை அலையில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ் கேட்டுப் பழகியவருக்கு, சொந்த அலையில் தமிழுக்கென வகுக்கப்பட்ட நேரம் குறுகலாகவே தோன்றியிருக்கும். ஆயினும் இந்தப் பேரம் நட்டமன்று என்பதே எமது கருத்து. வாடகை அலையை வீட்டுக்காரர் விரும்பாதபோது நிறுத்திவிடலாம். அனுமதிப்பத்திரத்தைப் பகிரங்க விசாரணையின்றி எவரும் இலகுவில் பறித்துவிட முடியாது.

அதற்கு ஈடாகக் கடமைகளும் உண்டு. அனுமதி பெற்ற நிலையம் தான் ஒலிபரப்பிய அனைத்தையும் ஒலிப்பதிவு செய்து நான்கு வாரங்களுக்குப் பாதுகாக்க வேண்டும். நேரடித் தொலைபேசி நிகழ்ச்சியில் நேயரொருவர் இன்னொருவரைத் துரோகி என்று ஏசினாலும் அதற்கு நிலையமே பொறுப்பு. ஏசப்பட்டவர் முறைப்பாடு செய்தால் அந்த ஒலிப்பதிவை ஆணைக்குழு கேட்டுப் பெறலாம்.